பன்றியும் பங்கும்

இலக்கிய விமரிசனத்தில் பன்றிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, "எதைப் பற்றி?" என்று வீட்டில் கேட்டார்கள். சொன்னேன். "உங்களுக்கு வேறே விஷயமே அகப்படவில்லையா?" என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியோடு சேர்ந்து வந்த முகச்சுளிப்புத்தான் என் கட்டுரைக்கு விஷயம் என்று அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு முழுப் பன்றியை வீட்டில் வாட்டி, உறவினரையும் நண்பரையும் அழைத்து உட்கார வைத்துப் பரிமாறுவது உலகத்தில் பல தேசங்களில் நடக்கிற காரியம். பிலிப்பைன் தீவுகளில் லெச்சோன் இல்லாவிட்டால் பண்டிகை பண்டிகையாகாது. பாலித் தீவில் பாபி குலிங் என்பார்கள். கியூபாவில் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் குடும்பம் முழுவதும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். நம் பக்கத்துக் கோவாவிலே கல்யாண விருந்துகளில் லெய்த்தாவ் என்ற பெயரில் பன்றிக் குட்டி முழுசாக மேஜைக்கு வரும். இதற்கெல்லாம் பக்குவம் சொல்லும் புத்தகங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. நான் பன்றி மாமிசமோ வேறு எந்த மாமிசமோ தின்கிறவன் அல்ல. ஆகவே பக்குவத்தில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் நான் படிக்கிறவன். படித்த வரையில், இந்த விருந்து ஒரு புத்தகத்துக்குள் வந்துவிட்டால் அதை எழுதினவனின் தரம் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. கறி துண்டு துண்டாகக் கிண்ணத்தில் வந்தால் அது வெறும் பதார்த்தம். காதும் மூக்கும் வாலுமாக முழுசாக வந்தால், ஓர் உயிர் நமக்காகச் செத்துக் கிடக்கிறது என்பதை யாரும் மறைக்க முடியாது. அதோடு, யாராவது ஒருவர் கத்தியை எடுத்து அதைப் பங்கு போட்டாக வேண்டும். யாருக்கு முதுகு, யாருக்குத் தொடை, யாருக்கு எலும்பு, யாருக்கு ஒன்றுமில்லை என்பதெல்லாம் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் நடக்கும். ஒரு வீட்டையும் அந்த வீட்டு மனிதர்களையும் தெரிந்துகொள்ள நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு என்ன வேண்டும்?

கல்லூரியில் நான் இருந்த இரண்டு வருஷங்களில் எனக்கு இங்கிலீஷ் வசனத்தில் ருசி ஏற்படச் செய்தவர் சார்லஸ் லாம். அவர் எலியா என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரைகளிலே மிகவும் பிரசித்தமானது, வாட்டிய பன்றியைப் பற்றிய ஆராய்ச்சி என்ற கட்டுரை. 1822-ஆம் வருஷம் செப்டம்பரில் லண்டன் மாகஸீனில் வெளிவந்தது. கதை அநேகருக்குத் தெரிந்திருக்கும். ஆதியில் சீன தேசத்து ஜனங்கள் மாமிசத்தைப் பச்சையாகத் தின்றுகொண்டிருந்தார்களாம். ஹோ-டீ என்ற பன்றி வளர்ப்பவனின் அசட்டுப் பிள்ளை போ-போ, நெருப்போடு விளையாடிக் குடிசையைக் கொளுத்திவிடுகிறான். உள்ளே இருந்த ஒன்பது குட்டிகளும் வெந்து போகின்றன. ஒரு குட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தவனுக்குக் கை சுட்டுவிடுகிறது. விரலை வாயில் வைக்கிறான். மனித குலத்தில் முதல் முதலாக வாட்டிய பன்றியின் ருசி தெரிகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பன்றி குட்டி போடும்போதெல்லாம் குடிசை எரிகிறது. அக்கம் பக்கத்தார் கண்டுபிடித்து வழக்குத் தொடர்கிறார்கள். ஜூரிமார்கள் சாட்சிப் பொருளைத் தொட்டு விரலைச் சூப்புகிறார்கள்; குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஊரெல்லாம் வீடுகள் எரிய ஆரம்பிக்கின்றன. வெகு காலத்துக்குப் பிறகு ஒரு ஞானி தோன்றி, பன்றியை வாட்டுவதற்கு ஒரு முழு வீட்டையும் எரிக்க வேண்டிய அவசியமில்லை என்று கண்டுபிடிக்கிறான்.

இந்தக் கதையை லாமுக்குச் சொன்னவர் அவருடைய நண்பர் தாமஸ் மானிங். இவர் வங்காளத்திலிருந்து மலைகளைக் கடந்து 1811-இல் திபேத்தின் லாஸா நகரத்தை எட்டிப் பார்த்த அபூர்வமான மனிதர். கதை அவருடையதாக இருக்கலாம்; சிரிப்பு லாமுடையது. அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

லாமின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு 1796 செப்டம்பர் 22-ஆம் தேதி தெரியும். அன்று பகல் சாப்பாட்டுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில், சித்தப் பிரமை கொண்ட அவருடைய தமக்கை மேரி, மேஜைமேல் கிடந்த கத்தியை எடுத்துத் தாயைக் குத்திக் கொன்றுவிட்டாள். லாமுக்கு அப்போது வயசு இருபத்தொன்று. ஜூரிமார்கள் பைத்தியத்தில் செய்த காரியம் என்று தீர்ப்பளித்தார்கள். தமக்கையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வதாக லாம் வாக்குக் கொடுத்தார்; சாகும் வரையில் அந்த வாக்கைக் காப்பாற்றினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பத்துமூன்று வருஷம் கணக்கெழுதினார். சாப்பாட்டு நேரத்தில் வீடு பாழானதும், ஜூரிமார்கள் விடுதலை கொடுத்ததும், மிச்சமிருந்ததைக் கொண்டு வாழ்க்கை நடத்தியதும் அவருக்கு ஏட்டுச் சமாசாரம் அல்ல. கட்டுரை எழுதும்போது அதை நினைத்துக்கொண்டுதான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. ஆனால் வீடு எரிந்த சாம்பலில் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டு சிரிக்கிற மனிதனின் சித்திரத்தை அவரால் ஏன் இவ்வளவு லேசான கையோடு எழுத முடிந்தது என்று யோசித்தால், எனக்கு வேறு பதில் அகப்படவில்லை. கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் வருகிற சிரிப்பு இவ்வளவு நாள் நிற்பதில்லை.

இருந்தாலும் அந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு குறை உண்டு. கல்லூரி நாளில் தெரியாத குறை. நானே நாலு நாவல் எழுதிய பிறகு தெரிந்தது. அதில் விருந்தாளியே இல்லை! ஒரு மாசம் நிறையாத குட்டியின் மொறுமொறுப்பான தோலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறார். அது வளர்ந்திருந்தால் முரட்டுப் பன்றியாகி எல்லோருக்கும் வெறுப்பாகியிருக்கும், இளசாகச் செத்ததே அதற்கு நல்லது என்று சமாதானம் சொல்கிறார். அந்த வேடிக்கையில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு இடறுகிறது. ஆனால் குறை அதுவல்ல. தமக்கு வரும் நல்ல பண்டங்களையெல்லாம் நண்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறவன்தான் நான், ஆனால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும், பன்றி விஷயத்தில் நிறுத்திக்கொள்கிறேன் என்று எலியா சொல்கிறார். அதற்குக் காரணமாகச் சிறு வயசுச் சம்பவம் ஒன்றும் சொல்கிறார். அத்தை ஆசையாகச் செய்து கொடுத்த பழக் கேக்கை வழியில் ஒரு பிச்சைக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச தூரம் போனதும், ஐயோ, அத்தை எனக்காக அல்லவா செய்தாள் என்று அழுதாராம். மிக அழகான பகுதி. ஒருவருடைய அன்பை எடுத்து முகம் தெரியாதவனுக்குத் தானம் செய்வதில் ஒரு டம்பம் இருக்கிறது என்பது உண்மைதான். அந்த உண்மையோடு கட்டுரை கதவைச் சாத்திக்கொள்கிறது. எலியா தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவர் பட்ட கஷ்டத்துக்கு அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இலக்கியத்தில் பன்றி விருந்து என்றால் அதற்கு ஒரு பந்தி வேண்டும்.

பந்தி வேண்டுமானால் ஹோமரிடம் போக வேண்டும். ஒடிஸி காவியத்தின் பதினாலாம் பாகத்தைப் போல ஒரு விருந்துக் காட்சி உலக இலக்கியத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். இருபது வருஷத்துக்குப் பிறகு ஊர் திரும்பிய ஒடிஸியஸ், பிச்சைக்கார வேஷத்தில் தன்னுடைய பன்றி மேய்ப்பவன் யூமையஸின் குடிசைக்கு வந்து சேருகிறான். நாய்கள் பாய்கின்றன. யூமையஸ் அவற்றை விரட்டி, அந்நியனை உள்ளே அழைத்து, இரண்டு இளங்குட்டிகளைக் கொன்று வாட்டி வைக்கிறான். கொழுத்த பன்றிகளையெல்லாம் அரண்மனையில் உட்கார்ந்து தின்கிற அயோக்கியர்கள் கொண்டு போகிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான். யாரிடம்? அந்தப் பன்றிகளின் சொந்தக்காரனிடமே!

பேச்சு வளர்கிறது. சாயந்திரம் மற்ற மேய்ப்பர்களும் வந்த பிறகு யூமையஸுக்கு மனம் பொறுக்கவில்லை. ஐந்து வயசான கொழுத்த ஆண் பன்றி ஒன்றை இழுத்து வரச் சொல்கிறான். தலை மயிரைப் பிடுங்கி நெருப்பில் போட்டு, தன் எஜமானன் வீடு திரும்ப வேண்டும் என்று தெய்வங்களை வேண்டிக்கொள்கிறான். எஜமானன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். ஹோமர் அதைச் சொல்லிக் காட்டி நம்மை நெகிழ வைக்கப் பார்ப்பதில்லை. பன்றியை அடித்ததையும், மயிர் பொசுக்கியதையும், அறுத்ததையும், கம்பிகளில் கோத்து வாட்டியதையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வெந்த பிறகு யூமையஸ் எழுந்து ஏழு பங்கு போடுகிறான். ஒன்று தேவதைகளுக்கும் ஹெர்மிஸுக்கும். மற்றவை ஆளுக்கு ஒன்று. மரியாதைக்குரிய நீண்ட முதுகுக் கறியை மட்டும் தனியாக எடுத்து, கந்தல் கட்டியிருக்கும் விருந்தாளிக்குக் கொடுக்கிறான். ராஜாவுக்கு உரிய பங்கு, ராஜா என்று தெரியாமலே ராஜாவுக்குப் போய்ச் சேருகிறது. வேலைக்காரன் யார் என்றும், எஜமானன் யார் என்றும், விருந்து என்றால் என்ன என்றும் இந்த ஒரு செய்கையில் தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிர் பெட்ரோனியஸ் எழுதிய லத்தீன் நூலில் வருகிற திரிமால்கியோ வீட்டு விருந்து. அடிமையாக இருந்து பணக்காரனாக ஆனவன் திரிமால்கியோ. மேஜைக்கு ஒரு முழுப் பன்றி வருகிறது. குடலை எடுக்கவே மறந்துவிட்டான் சமையற்காரன் என்று திரிமால்கியோ கூச்சல் போடுகிறான். சமையற்காரன் துணியை உரித்து அடிக்க நிறுத்துகிறார்கள். விருந்தாளிகள் அவனுக்காகக் கெஞ்சுகிறார்கள். சரி, எங்கள் எதிரிலேயே குடலை எடு என்கிறான் எஜமானன். சமையற்காரன் வயிற்றைக் கீற, உள்ளேயிருந்து சுவையான கறித் திணிப்புகள் சரிந்து விழுகின்றன. எல்லாம் முன்னேற்பாடு! கை தட்டுகிறார்கள். இங்கே கூட்டம் இருக்கிறது, பந்தி இல்லை. பார்க்க வந்த ஜனங்களும் வேடிக்கை காட்டுகிறவனும்தான் இருக்கிறார்கள். அடி விழப் போகிறது என்று ஒரு மனிதன் நடுங்கி நிற்பதுகூட அங்கே பதார்த்தத்தில் ஒரு மசாலா. பெட்ரோனியஸ் நல்ல எழுத்தாளர். தம் அருவருப்பைத் தாமே வாய்விட்டுச் சொல்லாமல் பன்றியின் வயிற்றிலே வைத்துத் தைத்துவிட்டார்.

வில்லியம் கோல்டிங் 1954-இல் எழுதிய 'ஈக்களின் தலைவன்' நாவலிலும் ஒரு பன்றி விருந்து உண்டு. ஆளில்லாத தீவில் அகப்பட்டுக்கொண்ட பள்ளிக்கூடப் பையன்கள் முதல் முதலாக ஒரு பன்றியைக் கொன்று மலையுச்சியில் வாட்டுகிறார்கள். வேட்டைக்குப் போன உற்சாகத்தில் அடையாள நெருப்பை அணைய விட்டதால், தூரத்தில் போன கப்பல் அவர்களைக் காணாமலே போய்விட்டது. வாட்டிய கறியை வேட்டைத் தலைவன் ஜாக் எல்லோருக்கும் கொடுக்கிறான்; பிக்கி என்ற குண்டுப் பையனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு இல்லையா என்று அவன் கேட்கிறான். நீ வேட்டைக்கு வரவில்லை என்கிறான் ஜாக். அப்போது ஸைமன் என்ற சாது பையன் தன் துண்டைப் பிக்கியின் பக்கம் தள்ளிவிடுகிறான். ஜாக்குக்கு வருகிற கோபம் சொல்லி முடியாது. இன்னொரு துண்டை வெட்டி ஸைமன் காலடியில் எறிந்து, தின்னு என்று கத்துகிறான். பின்னால் நடக்கப் போகிற கொலைகளெல்லாம் இந்த இடத்திலேயே நிச்சயமாகிவிட்டன. தன் பங்கைக் கொடுத்தவனும், பங்கு மறுக்கப்பட்டவனும்தான் பிற்பாடு சாகிறார்கள். கோல்டிங்குக்கு 1983-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு பக்கத்துக்கே கொடுக்கலாம் என்பேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் இதெல்லாம் ஏது என்று எண்ண வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் கிடைக்கும் விருந்துகளை வரிசையாகச் சொல்கிறார். கள் காய்ச்சும் பெண்கள் கழுவி ஊற்றிய நீரால் உண்டான சேற்றில் பெண் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. அவற்றோடு சேர விடாமல் ஆண் பன்றியைத் தனியே குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டி, பல நாள் வளர்க்கிறார்கள். அதன் கொழுத்த ஊனும் கள்ளும் பசித்து வந்த பாணனுக்குக் கிடைக்கும். சேற்றையும் சொல்கிறார், மாவையும் சொல்கிறார், விருந்தையும் சொல்கிறார். கூசவில்லை, கூச்சமில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

இன்னும் பெரிய உதாரணம் சேக்கிழார். திண்ணனார் காட்டுப் பன்றியைத் துரத்திக் கொல்கிறார். பொன்முகலி ஆற்றங்கரையில் காடன் தீ மூட்டுகிறான். மலைமேல் குடுமித்தேவரைக் கண்டு மனம் பறிகொடுத்துத் திரும்பிய திண்ணனார், கறியை அரிந்து, அம்பில் கோத்துக் காய்ச்சி, வாயில் இட்டுப் பதம் பார்த்து, நல்லதையெல்லாம் தேக்கிலையில் சேர்க்கிறார். கூட வந்த நாணனும் காடனும் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் தானும் உண்ணவில்லை, நமக்கும் கொடுக்கவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று போய்விடுகிறார்கள். பங்கு முழுவதும் ஒரே விருந்தாளிக்குப் போகிறது.

சேக்கிழாரின் பெருமை இதற்குப் பிறகுதான். மறுநாள் பூஜைக்கு வருகிற சிவகோசரியார், சந்நிதியில் கறியும் எலும்பும் கிடக்கக் கண்டு பதைத்துப் போகிறார். இந்த அநாசாரத்தைச் செய்தவன் யார் என்று அழுகிறார். எல்லாவற்றையும் அகற்றிச் சுத்தம் செய்து, குளித்து வந்து, மறுபடி முறைப்படி பூஜை செய்கிறார். அவர் யார்? நாம்தான்! கதையைப் படித்துக்கொண்டு முகம் சுளிக்கிற வாசகரை எடுத்துக் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக நிறுத்திவிட்டார் கவி. அவரைக் கேலி செய்யவில்லை. அவருடைய ஆசாரம் பொய் என்று சொல்லவில்லை. ஒளிந்திருந்து பார் என்று இறைவன் அவர் கனவில் சொல்கிறார், அவ்வளவுதான். பார்க்கிறார். பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ ராஜ்யத்து மந்திரியாக இருந்த ஒரு பெரியவர், பெரும்பாலும் மாமிசம் உண்ணாத அடியார்களை எதிரே வைத்துக்கொண்டு இதைப் பாடினார். விஷயத்தையும் மாற்றவில்லை, வாசகரையும் அவமதிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும். நான் எழுதிப் பார்த்தவன்; தோற்றவன்.

திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். ஏழெட்டுக் கிலோ இருக்கும் ஒரு பன்றிக் குட்டி. முதல் நாள் இரவே வெந்நீர் ஊற்றி மயிரைச் சுரண்டி, குடலை எடுத்து, உப்பும் மிளகும் வினிகரும் தடவி வைத்திருந்தார்கள். காலையில் ஈரல், ரொட்டித் தூள், உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய் எல்லாம் கலந்து வயிற்றில் திணித்துச் சணலால் தைத்தார்கள். கொல்லையில் செங்கல் அடுக்கிப் புளியங்கட்டைத் தணல். தணலை நடு வயிற்றின் கீழே போடாமல், தோளுக்கும் தொடைக்கும் கீழே குவித்தார்கள். சதை தடியாக இருக்கிற இடத்துக்குத்தான் சூடு அதிகம் வேண்டுமாம். காதும் வாலும் கருகிவிடாமல் நெய் தடவிய காகிதம் சுற்றியிருந்தது. நாலு மணி நேரம் ஆண்கள் முறை வைத்துக் கம்பியைத் திருப்பினார்கள். நானும் ஒரு முறை திருப்பினேன். கொழுப்புச் சொட்டித் தணல் சீறும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுந்து போகவும் மனம் வரவில்லை.

மேஜைக்கு வந்தது. நண்பரின் பாட்டிக்கு எண்பது வயசுக்கு மேல்; நானா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். கத்தி அவள் கையில் இருந்தது. பிரார்த்தனை முடிந்ததும் வரிசையாகத் தட்டுகளை வாங்கிப் பங்கு போட்டாள். தோல் யாருக்கு வேண்டும், பல்லில்லாதவருக்கு எது, கோபித்துக்கொண்டு வந்திருக்கும் மருமகனுக்கு எது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் முறை வந்தபோது நான் விழித்தேன். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து மூடி வைத்த தட்டு ஒன்றை எடுத்தாள். வெண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கும் பட்டாணியும் இருந்தன. "இதுக்குத் தனிக் கரண்டி, தனிச் சட்டி. காலையிலே வேறே எதையும் தொடறதுக்கு முன்னாடியே பண்ணி வச்சுட்டேன். உன் பங்கு இது, சாப்பிடு" என்றாள். அந்தத் தட்டையும் மற்றத் தட்டுகளோடு, அதே வரிசையில், அதே மேஜையில்தான் வைத்தாள்.

இதை அப்படியே ஒரு தொடர்கதையில் எழுதினேன். அத்தியாயம் போன ஒரு வாரத்தில் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தில் எல்லோரும் படிக்கிற பத்திரிகை, பன்றி வேண்டாம். கேக்கும் காய்கறிக் கட்லெட்டுமாக மாற்றிவிடுங்கள், கதாநாயகனும் சங்கடமில்லாமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் அல்லவா, கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று எழுதியிருந்தார்கள். மரியாதையான கடிதம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாரா வாரம் பணம் வந்துகொண்டிருந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டேன். கதைக்கு ஒன்றும் குறையவில்லை என்று நானும் நினைத்தேன்.

புத்தகமாக வந்த பிறகு நண்பர் படித்தார். தமிழ் நன்றாகப் படிப்பவர். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸில் கட்லெட்டா என்று சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி ஸார், நானாவோட தட்டு எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் ஒன்றையே சாப்பிடுகிற மேஜையில் தனித் தட்டுக்கு அவசியம் ஏது? பன்றியை எடுத்தபோது அந்தக் கிழவியையும் சேர்த்து எடுத்துவிட்டேன். வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று நான் செய்த காரியத்தால், முகம் சுளிக்கிறவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்திருந்த ஒரே மனுஷி கதையிலிருந்து போய்விட்டாள். யூமையஸ் கந்தல்காரனுக்கு முதுகுக் கறியைக் கொடுத்ததும், நானா எனக்கு உருளைக்கிழங்கைக் கொடுத்ததும் ஒரே காரியம். சேக்கிழார் சிவகோசரியாரைக் கதைக்குள் வைத்துக்கொண்டார். நான் வாசலிலேயே நிறுத்தி, உள்ளே உங்களுக்குப் பிடிக்காதது எதுவும் இல்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அருவருப்புத் தருவதையெல்லாம் எழுதிவிட்டால் இலக்கியமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு ரத்தத்தையும் குடலையும் பக்கம் பக்கமாகப் பரப்பி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் திரிமால்கியோவின் சமையற்காரர்கள். வாசகர் கை தட்டுவதற்காகப் பன்றியின் வயிற்றைக் கீறிக் காட்டுகிறார்கள். பன்றியை எழுதுவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. யாருடைய மேஜை, யார் பங்கு போடுகிறார், யாருக்கு என்ன விழுகிறது என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் பன்றி இல்லாமல் வராதென்றால் பன்றி இருக்கத்தான் வேண்டும். நமது நடுத்தர வகுப்பு வாசகர்களின் மனசு நாம் பயப்படுகிற அளவுக்குக் குறுகியதல்ல என்று இப்போது நான் நினைக்கிறேன். ஒளிந்திருந்து பார் என்று சொன்னால் அவர்கள் பார்ப்பார்கள்.

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதிச் சேர்த்திருக்கிறேன். பழைய கையெழுத்துப் பிரதி அகப்படவில்லை, ஞாபகத்திலிருந்துதான் எழுதினேன். நானா அதற்குள் இறந்துவிட்டாள். தணலும் கம்பியும் சரியாக வந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். தட்டை எடுக்கக் குனிந்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பு, முதல் தடவை எழுதினபோது இருந்தது போல வரவில்லை.